வலப்பக்க இருக்கை

அந்த வண்டியில் வலப்பக்க இருக்கைக்கு முன்னால் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது. பொறுப்பு மட்டும் உண்டு.

என் மச்சினன் ஜெர்மனியிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்த கேரவன் அது. அந்த ஊரில் சாலையின் வலப்புறம் போவார்களாம், அதனால் ஓட்டுகிறவன் இடப்பக்கம் உட்காருவான். நம் ஊரில் முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால், எதிரே என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. வலப்பக்கம் இருப்பவன்தான் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போலாமா அத்திம்பேர்?" என்பான். நான் "போ" என்றால் போவான், "இரு" என்றால் இருப்பான். வாழ்க்கையில் என் சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே ஆள் அவன்தான். எனக்குப் பயமே அதுதான். தில்லி வரை ஒரு சிநேகிதன் அந்த இருக்கையில் வந்தானாம். தில்லியில் காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவன், ரயிலேறிச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிட்டானாம். அவன் புத்திசாலி.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பது கடந்திருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. இல்லை என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சரியல்ல. இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தோடு போய்விட்டது. மூன்றாவது தடவை ஐந்து தாண்டி, ஆறு தாண்டி, ஏழில் சீமந்தமும் முடிந்து, என் மனைவி மயிலாப்பூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மேற்கு மாம்பலத்து ஒண்டுக் குடித்தனத்தில் தனியாகச் சோறு பொங்கிக் குழைய விட்டுக்கொண்டு, சாயங்காலமானால் பஸ் பிடித்து மயிலாப்பூர் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷனுக்கென்று ஒரு சட்டம் உண்டு. முகம் மழிக்கக் கூடாது. மலை ஏறக் கூடாது. கடலில் குளிக்கக் கூடாது. சாவுக்குப் பின்னால் போகக் கூடாது, சுடுகாடு இடுகாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. தூர தேசம் போகக் கூடாது. முதல் இரண்டு தடவை நான் இதையெல்லாம் கிண்டல் செய்துகொண்டு தினமும் சவரம் செய்துகொண்டேன். மூன்றாவது தடவை கிண்டலும் செய்தேன், தாடியும் வளர்த்தேன். ஆபீஸில் சாமியாராகப் போகிறேனா, சீட்டுக் கம்பெனியில் பணம் போய்விட்டதா என்று விசாரித்தார்கள். "காதல் தோல்வி" என்றேன். "யாரு, உங்க சம்சாரத்தோடயா?" என்று கேட்டான் பக்கத்து மேஜைக்காரன்.

இந்த நேரத்தில்தான் மச்சினன் கேரவனோடு வந்து இறங்கினான். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அந்த வண்டி, நிலைக்கு வந்த தேர் மாதிரி நின்றது. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, ஸ்டவ், தண்ணீர் டிரம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வழியெல்லாம் கோட்டை, அரண்மனை, கல்லறை என்று பார்த்துக்கொண்டே வந்தவன் அவன். சிலருக்குச் சிகரெட் மாதிரி அவனுக்கு இடிந்த சுவர். வந்த மறுநாளே வேலூர் கோட்டை, செஞ்சிக் கோட்டை என்று வரைபடத்தை விரித்துவிட்டான். வலப்பக்க இருக்கைக்கு ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்.

"நான் தூரப் பயணம் போகக் கூடாதே மாமி?" என்று மாமியாரிடம் முறையிட்டேன். சட்டத்தை எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான்.

மாமியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே ஏறி ஸ்டவ்வைப் பார்த்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். முன்பக்கத்தில் மச்சினன் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு, ஸ்வாமி இருக்கார். இதுவே ஒரு ஆம்தானே மாப்பிள்ளை? ஆத்துக்குள்ளயே ஒக்காந்துண்டு போறேள், ஆத்துக்குள்ளயே ஒக்காந்துண்டு வரேள். ஆத்தை விட்டு நீங்க எங்கே போறேள்?"

எந்த வக்கீலாலும் உடைக்க முடியாத வாதம். அப்படியாக நான் வீட்டை விட்டு வெளியேறாமலே வேலூர் போனேன். கோட்டை மதில் மலையில் சேருமா என்று எனக்குள் வாதாடிப் பாதிப் படி ஏறி, பயந்து இறங்கிவிட்டேன். செஞ்சியில் சந்தேகத்துக்கே இடமில்லை, அது அசல் மலை. மச்சினன் மேலே போய் ராஜாக்களைப் பார்த்துவிட்டு வரும்வரை அடிவாரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு குரங்கோடு வாழைப்பழத் தகராறு செய்துகொண்டிருந்தேன். சட்டம் ஒன்றையும் மீறவில்லை. மயிலாப்பூர் வந்ததும் முதல் வேலையாக மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் நன்றாக இருந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே தன் தம்பியிடம் கேட்டாள். "நானும் வரேண்டா. இந்த ரூமையே பாத்துண்டு பைத்தியம் பிடிக்கறது."

மாமியார் யோசித்தார். "கிண்டி வரைக்கும் போய்க் காத்தாடிட்டு, விளக்கு வைக்கறதுக்குள்ள திரும்பிடணும்" என்றார்.

மச்சினன் என்னிடம் தனியாக, "அதுக்குப் பக்கத்துலயே நந்தம்பாக்கத்துல பெரிய தோட்டம் ஒண்ணு இருக்கு அத்திம்பேர். புல்லு வெல்வெட் மாதிரி இருக்குமாம்" என்றான். தோட்டம் என்றுதான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. வெளிநாட்டில் அதற்கு அப்படித்தான் பெயர் போல.

அவளை மெத்தையில் சாய்த்து உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து, கிண்டி தாண்டிப் போனோம். வண்டி நின்றது. இறங்கினேன். வெள்ளைச் சுவர், இரும்புக் கேட். கேட்டுக்கு உள்ளே புல்தரை உண்மையாகவே வெல்வெட் மாதிரிதான் இருந்தது. அதன் மேல் வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே அளவில், நூற்றுக்கணக்கில் வெள்ளைக் கற்கள். நடுவில் உயரமாக ஒரு சிலுவை.

எனக்குத் தாடிக்குள் வியர்த்தது. "ஏண்டா, இது..."

"போரில செத்த சிப்பாய்ங்க அத்திம்பேர். எத்தனை அழகா வெச்சிருக்கா பாருங்கோ."

"அழகு இருக்கட்டும். சமாதிடா இது! வண்டியைத் திருப்பு."

அதற்குள் என் மனைவி வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் புல்லைப் பார்க்காதவள் மாதிரி பார்த்தாள். "சட்டமெல்லாம் புருஷாளுக்குத்தானே?" என்றாள். "எனக்கு ஒண்ணும் சொல்லலியே. நீங்க இங்கேயே இருங்கோ. நான் ரெண்டடி நடந்துட்டு வரேன்."

பிள்ளைத்தாய்ச்சிக்குத் தனியாக ஒரு பெரிய சட்டப் புத்தகமே இருந்தது. அந்தக் கணத்தில் அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர்கள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள். நான் கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை ஒரு அங்குலம்கூட உள்ளே நீட்டாமல் நின்றேன். ஒரு வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"இன்னா சார், உள்ள வாயேன். ஒண்ணும் பண்ணாது. இவங்கல்லாம் செத்து முப்பது வருசம் கீது. நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து ஒருத்தன்கூட எழுந்து வந்து பீடி கேட்டதில்ல."

"இல்லப்பா, எங்க வீட்டுல ஒரு வழக்கம்..."

"தாடிய பாத்தே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். என்ன நினைத்தான் என்று இன்றுவரை தெரியாது.

மச்சினன் கல் கல்லாகக் குனிந்து படித்துக்கொண்டே தூரத்துக்குப் போய்விட்டான். அவள் மெதுவாக நடந்து, நடுவில் இருந்த சிலுவையின் மேடையருகே போய்ப் படியில் உட்கார்ந்தாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். காற்று வாங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் காற்று வாங்குகிறவள் மாதிரி இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் மேல் வைத்து அழுத்தி, தலையைக் குனிந்து, யாரோ உள்ளிருந்து ரகசியம் சொல்வதைக் கேட்கிறவள் மாதிரி அசையாமல் இருந்தாள்.

"என்னடி?" என்று கத்தினேன்.

அவள் கைகள் வயிற்றில் இன்னும் அழுந்தின.

"வலிக்கறதா? எழுந்து வாயேன்!"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இங்கே வாருங்கள் என்பதுபோல் கையை லேசாக அசைத்தாள்.

இந்த இடத்தில் நான் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், நீங்களும் சிரிக்கலாம். என் வலது கால் உள்ளே போனது. இடது கால் வெளியே நின்றது. போனால் குழந்தைக்கு ஆகாது. போகாவிட்டால் அவளுக்கு என்ன என்று தெரியாது. கம்பிக் கேட்டைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, குதிரை ஏறத் தெரியாமல் ஏறினவன் மாதிரி நின்று, "மெதுவா எழுந்திரு! அப்படியே ஸ்வாமியை நெனச்சுக்கோ! இடது பக்கமா வா!" என்று ஏதேதோ அறிவுரை கத்தினேன். எதற்கு இடது பக்கம் என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் அவள் குரல் கொடுத்தாள். பெரிய குரல் இல்லை. ஆனால் அந்த இடம் அவ்வளவு நிசப்தம், சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஏன்னா, காத்தாலேர்ந்து அசையலே."

இடது காலும் உள்ளே போய்விட்டது. எப்போது போனது என்று தெரியாது. கல் வரிசைகளுக்கு நடுவே ஓடினேன். பத்தொன்பது வயது, இருபத்திரண்டு வயது என்று வெட்டியிருந்த கற்கள் ஓட்டத்தில் கண்ணில் பட்டன. எல்லாமே பிள்ளைகள். அவள் பக்கத்தில் போய் மண்டி போட்டேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"நேத்து ராத்திரி உதைச்சுது. காத்தால இல்லை. தூங்கறதோன்னு பாத்தேன். மத்தியானமும் இல்லை. வண்டியில குலுங்கினா அசையும்னு நெனைச்சுத்தான் வரேன்னேன்."

"என்கிட்ட ஏண்டி சொல்லலே?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவேள்னு தெரியும்" என்றாள். நான் அந்த நேரத்தில் அதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தேன். எழுந்தேன், மறுபடி மண்டி போட்டேன், மறுபடி எழுந்தேன்.

மச்சினன் ஓடி வந்தான். இருவருமாக அவளைத் தாங்கிக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தோம். வண்டிக் கதவைத் திறந்தான். அவளை ஏற்றப்போனான். அங்கே நான் குறுக்கே நின்றேன்.

"குளிக்காம எப்படிடா ஏறறது?"

இடுகாட்டுக்குப் போனவன் குளிக்காமல் வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. வண்டி வீடு என்று மாமியார் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். உள்ளே பிள்ளையார் இருக்கிறார். டிரம்மில் தண்ணீர் இருக்கிறது. ஒரு சொம்பாவது தலையில் விட்டுக்கொண்டால்தான் குழந்தைக்கு ஒன்றும் வராது என்று என் மூளைக்குள் ஒரு மூலை பிடிவாதமாகச் சொன்னது. மீதி மூளை எங்கே போயிருந்ததோ. சொம்பைத் தேடிக் கையை நீட்டியேவிட்டேன்.

மச்சினன் ஜெர்மனியில் என்ன படித்தானோ, அன்று பேசியது சுத்த மயிலாப்பூர். "அத்திம்பேர், நகருங்கோ. இல்லேன்னா உங்களை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன். சமாதியும் பக்கத்துலயே இருக்கு."

ஏறினோம். அவள் பின்னால் மெத்தையில். நான் வலப்பக்க இருக்கையில்.

அவளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவின் நர்சிங் ஹோம் மயிலாப்பூரில். நடுவில் கிண்டி, அடையாறு. முன்னால் ஒரு மணல் லாரி, நத்தைக்குத் தம்பியாகப் போய்க்கொண்டிருந்தது.

"போலாமா அத்திம்பேர்?"

தலையை நீட்டினேன். தூரத்தில் ஒரு பஸ். தூரம்தானா? கிட்டவா? நிற்கிறதா, வருகிறதா? "போ" என்றேன். வண்டி வலது பக்கம் ஒடிந்து வெளியே வந்ததும் பஸ் பிரம்மாண்டமாக என் மூக்குக்கு எதிரே நின்றது. "வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!" என்று அலறினேன். அவன் ஒடித்து உள்ளே நுழைத்தான். பின்னால் பாத்திரங்கள் உருண்டன, டிரம் தண்ணீர் சளசளத்தது. அவள் "அம்மா" என்றாள். லாரியின் கிளீனர் தலையை வெளியே விட்டான்.

"யோவ் தாடி! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? இன்னாயா, சாமியார்லாம் அவசரமா போய்க்கினு கீறீங்க?"

அதற்குப் பிறகு மச்சினன் "போலாமா?" என்று கேட்கக் கேட்க, என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாலை காலியாக இருந்தபோதும் சொல்லவில்லை. "இரு" என்றுகூடச் சொல்ல வரவில்லை. லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். என் வாயிலிருந்து ஒரு எழுத்து வந்தால் டாக்டரிடம் போய்ச் சேரலாம். அந்த ஒரு எழுத்து வரவில்லை.

"நிறுத்துடா" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி.

கத்திப்பாராவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினான். "நீங்க பின்னால போங்கோ" என்றாள் என்னிடம். அதில் கோபமில்லை. உப்பை எடுங்கள் என்பது மாதிரித்தான் சொன்னாள். நான் இறங்கினேன், அவள் முன்னால் ஏறினாள். வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இரு. இரு. சைக்கிள்காரன் போகட்டும். இப்பப் போ."

போனான். லாரி பின்னால் போயிற்று.

நான் அவள் படுத்திருந்த மெத்தையில், அவளுடைய தலையணையைக் கட்டிக்கொண்டு, பின்கண்ணாடி வழியே ஊர் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வழியில் எங்களைப் பார்த்தவர்கள் யாராவது, நிறைமாதப் பெண் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போக, தாடிக்காரன் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தால், பிரசவம் யாருக்கு என்று குழம்பியிருப்பார்கள்.

முன் இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் மாம்பலத்துக்குத் திரும்பினோம். இரண்டு தடவையும் வழியில் நான் ஏதோ ஜோக் அடித்தேன். சும்மா இருக்கத் தெரியாமல் அடித்தேன். இரண்டு தடவையும் அவள் எனக்காகச் சிரித்தாள். மூன்றாவது தடவையும் அப்படி ஒரு டாக்ஸி இருக்குமோ என்று மெத்தையில் கிடந்தபடி நினைத்தேன். இந்தத் தடவை அடிக்க என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அடையாற்றுப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டி, அதன் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் நாங்கள். கடற்காற்று திரையைத் தூக்கி என் முகத்தில் அடித்தது. அவள் குரல் மட்டும் கேட்டது. "இரு... இருடா, அவசரப்படாதே... கார் வரது... போகட்டும்... ம். இப்ப வா. வா, வா, வா." நடுவில் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "ஏன்னா, பயப்படாதேங்கோ" என்றாள். எனக்கு அது தேவையாகவும் இருந்தது.

மந்தைவெளி தாண்டி, குளத்தைச் சுற்றி, நர்சிங் ஹோம் வாசலில் நின்றபோது மயிலாப்பூரில் விளக்கு வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா மாடியிலேயே குடியிருந்தார். ஈரத் தலையில் துண்டு சுற்றியபடி இறங்கி வந்தார். என் மனைவியைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார், யாரைக் கவனிக்க வேண்டும் என்று உடனே தீர்மானித்து அவளை உள்ளே அழைத்துப் போனார். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். போகச் சொல்லி நர்ஸ் விரட்டவில்லை. விரட்டியிருந்தாலும் கால் நகர்ந்திருக்காது.

"கடைசியா எப்ப அசைஞ்சுது?"

"நேத்து ராத்திரி, டாக்டர்."

"காலைலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?"

"சரியா சாப்பிடலே. பயமா இருந்துது."

டாக்டரம்மா மரத்தில் கடைந்த ஒரு சின்னக் குழலை எடுத்தார். ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் குனிந்தார். நிமிர்ந்து, "ஃபேனை நிறுத்து" என்றார் நர்ஸிடம். ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வெளியே ஒரு ரிக்‌ஷாக்காரன் மணி அடித்தான். குழலை இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது இடத்தில் வைத்தார். அங்கேயே வெகுநேரம் இருந்தார். என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"நல்லாவே இருக்கு. பட்டினி போட்டா அதுவும் சுருண்டு படுத்துக்கும். முதல்ல குளுகோஸ் தண்ணி குடிங்க. இனிமே வீட்டுக்கு இல்ல, பிரசவம் வரைக்கும் இங்கதான்." பிறகு திரையைத் தள்ளி என்னைப் பார்த்தார். நான் எந்த நிறத்தில் இருந்தேனோ. "வாங்க சார். நீங்களே கேளுங்க. இல்லேன்னா அடுத்த கட்டில்ல உங்களைப் படுக்க வைக்கணும்."

உள்ளே போய்க் குனிந்து காதை வைத்தேன். திடும் திடும் என்று ஒரு பெரிய சத்தம் காதை அடைத்தது.

"அப்பா! என்ன டாக்டர், குதிரை மாதிரி ஓடறது!"

டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "அது உங்க நாடி சார். உங்க சத்தத்துல குழந்தைய கேக்க முடியல. கொஞ்சம் அடங்குங்க."

எங்கள் பெண் பிறந்தது அதற்குச் சில வாரம் கழித்து. அன்றைக்கு, ஃபேன் நின்ற அந்த அறையில், மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, மெதுவாக விட்டு, மறுபடி இழுத்து, குழலில் காதை வைத்துக்கொண்டே கிடந்தேன். திடும் திடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. அதற்கு அடியில், வெகு தூரத்தில், சின்னதாக வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னன்னா, கேக்கறதா?" என்றாள் என் மனைவி. "ஏதாவது சொல்லுங்கோளேன்."

"பேசாதேடி" என்றேன். "கேக்க விடு."